அரசு எடுத்த முடிவுகளும் நம் பல்கலைக்கழகங்களும்: ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "கல்லூரிக்குப் போகிறவர்கள் விகிதத்தில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது என்கிறார்கள். அப்படியிருந்தும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணமில்லை, மதுரையில் சம்பளம் வரவில்லை என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. இதற்கும் அரசின் கொள்கைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, இல்லை, ஆசிரியர்களும் மாணவர்களும் முன்போல இல்லை என்பதுதான் காரணமா? என் தங்கை மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. சேர நினைக்கிறாள், சேர்க்கலாமா?"

தொடர்பு உண்டு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. மாணவர்கள் முன்போல இல்லை என்ற பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். முன்பு கல்லூரி வாசலையே மிதிக்க முடியாத குடும்பங்களிலிருந்து இன்று பிள்ளைகள் வருகிறார்கள், அதைத் தரக்குறைவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. என் கருத்து இதுதான்: பிள்ளைகளை உள்ளே கொண்டுவரும் முடிவுகளை தமிழ்நாட்டு அரசுகள், எந்தக் கட்சி ஆண்டாலும், நன்றாகவே எடுத்தன. உள்ளே வந்த பிறகு யார் பாடம் நடத்துவது, அவருக்குச் சம்பளம் யார் தருவது, பல்கலைக்கழகத்தை யார் தலைமையேற்று நடத்துவது என்கிற முடிவுகளை வருடக்கணக்கில் தள்ளிப்போட்டன. இப்போது நீங்கள் படிக்கிற செய்திகள் எல்லாம் அந்தத் தள்ளிப்போட்டதன் விளைவு.

கொள்கை எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று பார்க்க வெளிநாட்டுக்கெல்லாம் போகவேண்டாம், சென்னை சர்தார் பட்டேல் சாலைக்குப் போனால் போதும். அந்த ஒரே சாலையில் ஒரு பக்கம் அண்ணா பல்கலைக்கழகம், கொஞ்சம் தள்ளி ஐஐடி. கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. மெட்ராஸ் ஐஐடி 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்தது. வயதில் 165 வருட வித்தியாசம், மூத்தது கிண்டி. இன்றைக்கு உலக அளவில் ஆராய்ச்சிப் பெயர் யாருக்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். வேறுபட்டது சட்டம். 1961-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி ஐஐடிக்குத் தனி ஆட்சிமன்றக் குழு, மத்திய அரசிடமிருந்து நேரடியாகப் பணம், தன் பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வைத்துக்கொள்ளும் உரிமை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வெளியே தனியாக நடந்து, தேர்வையும் பட்டத்தையும் மட்டும் பல்கலைக்கழகத்திடம் வாங்கும் இணைப்புக் கல்லூரி என்று ஒன்றுகூட அதன் தலையில் கட்டப்படவில்லை.

அண்ணா பல்கலைக்கழகமும் பிறந்தபோது கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1978-இல் கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக் எனும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து, நூற்றுக்கணக்கான கல்லூரிகளைச் சுமந்துகொண்டிருந்த சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து விடுவித்து, தனக்கென்று படிப்பும் ஆராய்ச்சியும் உள்ள ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக அமைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே ஓடியது. 2001-இல் மாநிலத்தில் உள்ள பொறியியல் கல்லூரிகளையெல்லாம் அதனோடு இணைத்தார்கள். நோக்கம் தவறில்லை, பல பல்கலைக்கழகங்களின் கீழ் சிதறிக் கிடந்த கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு என்று வரும் என்பதுதான் எண்ணம். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் மூத்த பேராசிரியர்களின் நேரம் எங்கே போனது என்று பாருங்கள். வினாத்தாள் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தம், மறுமதிப்பீடு, கல்லூரி ஆய்வுக்குழு, இணைப்பு நீட்டிப்பு, அதை மறுத்தால் நீதிமன்ற வழக்கு. பிறகு அந்தச் சுமையைப் பிரிக்கிறோம் என்று கோவை, திருச்சி, திருநெல்வேலி, மதுரை என்று தனித்தனி அண்ணா பல்கலைக்கழகங்கள் உருவாக்கினார்கள். ஆட்சி மாறியது, 2012-இல் எல்லாவற்றையும் திரும்ப ஒன்றாக்கினார்கள். ஐந்தாறு வருடத்துக்குள் ஒரு நிறுவனத்தைப் பிரித்து, மறுபடி ஒட்டினால், உள்ளே இருக்கிற ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு, மாணவர் சான்றிதழ், கணக்குவழக்கு எல்லாம் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். 2018-இல் மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே பதிந்தது. லட்சக்கணக்கான விடைத்தாள்களை ஒரே இடத்தில் குவித்துவைக்கிற அமைப்பில் அப்படி ஒன்று நடக்க வாய்ப்பு எப்போதும் இருக்கும், தனிமனிதர்களின் நேர்மையை மட்டும் நம்பி அதைத் தடுக்க முடியாது.

2019-இல், தேர்ந்தெடுத்த சில கல்வி நிறுவனங்களை உலகத் தரத்துக்கு உயர்த்தும் மத்திய அரசின் சீர்மிகு நிறுவனத் திட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வானது. பெரிய நிதி வரும், ஆனால் மாநில அரசும் தன் பங்கைத் தருவதாக உறுதி சொல்லவேண்டும். கூடவே 69 சதவீத இட ஒதுக்கீடு பாதிக்கப்படுமோ என்ற அச்சமும் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன், இட ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்து வாங்குகிற பெருமை நமக்குத் தேவையில்லை. ஆனால் அந்தச் சண்டையின் நடுவே உருப்படியான இன்னொரு யோசனையும் அடிபட்டுப் போனது. ஆராய்ச்சிக்கு ஒரு பல்கலைக்கழகம், கல்லூரிகளை இணைப்பதற்கு வேறொரு பல்கலைக்கழகம் என்று இரண்டாகப் பிரிக்கும் மசோதா 2020-இல் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. சீர்மிகு தகுதியை மாநில அரசு வேண்டாம் என்றபோது அதுவும் கிடப்பில் போனது. மத்திய அரசுப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பிரிவினை தேவைதான். அதைத் தனியாக எடுத்துப் பேச யாரும் முன்வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அண்ணா பல்கலைக்கழகம் 2024-இல் மத்திய அரசின் தரவரிசையில் மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதலிடம் பிடித்தது என்பதைக் கவனியுங்கள். அங்கே இருக்கிற மனிதர்களின் திறமை குறையவில்லை, அவர்கள் கையில்தான் வேறு வேலைகளைத் திணித்துவிட்டோம்.

சரி, நன்றாகச் செய்ததைப் பற்றியும் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கொள்கை வேலை செய்யும் என்பதற்கு அதுதான் நல்ல சாட்சி. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாடு முழுவதற்கும் 28.4. இந்த 47 தானாக வரவில்லை. 1978-இல் பி.யு.சி. என்ற ஓராண்டுக் கல்லூரிப் புகுமுகப் படிப்பை எடுத்துவிட்டு பிளஸ் டூ கொண்டுவந்தார்கள். அதுவரை பதினொன்றாவது முடித்ததும் பையனையோ பெண்ணையோ நகரத்துக் கல்லூரிக்கு அனுப்பவேண்டும், விடுதிச் செலவு வேறு, அதற்குப் பயந்தே பெண்பிள்ளைகளை நிறுத்தினார்கள். பிளஸ் டூ அந்த முதல் படியைப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து வைத்தது. எண்பதுகளில் திருச்சியிலும் கோவையிலும் கொடைக்கானலிலும் காரைக்குடியிலும், 1990-இல் திருநெல்வேலியிலும் பல்கலைக்கழகங்கள் வந்தன. 1997 முதல் பொறியியலுக்கு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு. அதன் அருமை இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. சிபாரிசு இல்லாத, சென்னையில் ஒருவரையும் தெரியாத ஒரு விவசாயி மகன், தன் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சமிருக்கிறது என்று திரையில் எல்லோர் கண்முன்னாலும் பார்த்துத் தேர்ந்தெடுத்தான்.

1984-85-இல் தொடங்கிய நுழைவுத் தேர்வை 2007-இல் நீக்கியதும் இதே வரிசையில்தான் வருகிறது. அதை எதிர்த்தவர்கள் தரம் போய்விடும் என்றார்கள். நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் யார் என்று பார்த்தால் போதும், அது எதை அளந்தது என்று புரியும். 2010-இல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை, 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2022-இல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்பவர்கள் உண்டு. பஸ் செலவு, நோட்டு, செல்போன் ரீசார்ஜ் மூன்றுக்கும் அப்பாவிடம் கை நீட்டவேண்டாம் என்கிற நிலை ஒரு பெண்ணின் படிப்பை நிற்காமல் ஓட்டும், கிராமத்துக் கல்லூரியில் வகுப்பெடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தப் பெருக்கத்துக்கு வேண்டிய இடங்களை யார் கொடுத்தது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. அரசால் அவ்வளவு கல்லூரி கட்ட முடியாது, தனியார் கட்டட்டும், கட்டணத்தையும் சேர்க்கையையும் நாம் கட்டுப்படுத்துவோம் என்பது கணக்கு. பாதி பலித்தது. தமிழ்நாட்டின் மென்பொருள் துறைக்கும் கார்த் தொழிற்சாலைகளுக்கும் ஆள் கொடுத்தது அந்தக் கல்லூரிகள்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒருகட்டத்தில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி, வருடந்தோறும் கலந்தாய்வு முடிவில் பெருந்தொகையான இடங்கள் காலியாகக் கிடந்தன. கட்டணத்தையும் ஒதுக்கீட்டையும் எவ்வளவு தூரம் அரசு கட்டுப்படுத்தலாம் என்பதை 1993 உன்னிகிருஷ்ணன், 2002 டி.எம்.ஏ. பாய், 2005 இனாம்தார் வழக்குகளில் உச்சநீதிமன்றம் மாற்றி மாற்றி எழுதியது. ஆக, சட்டமன்றம் நினைத்த கொள்கை ஒன்று, நடைமுறையில் ஓடியது வேறொன்று.

இதிலும் ஒரு சின்ன விதி எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று காட்டுகிறேன். 2018 வரை பொறியியல் கல்லூரியில் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதி. அதை 20-க்கு ஒருவர் என்று மாற்றினார்கள். 1,200 மாணவர் உள்ள கல்லூரியில் 80 ஆசிரியர் வேண்டிய இடத்தில் 60 போதும். விதிப்புத்தகத்தில் ஓர் எண்ணைத்தான் மாற்றினார்கள், ஒரு கல்லூரிக்கு 20 பேர் வேலையிழக்க வழி பிறந்தது. அந்த 60 பேரையும் சில கல்லூரிகள் வைக்கவில்லை என்பது 2024-இல் வெளியே வந்தது. ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் ஒரே நேரத்தில் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்டது, 200-க்கு மேற்பட்ட கல்லூரிகள் அதில் அடிபட்டன. இணைப்பு வழங்கும் ஆய்வுக்குழு அந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் போய்த்தான் வந்திருக்கிறது. அதே 2024-25-இல் பாடப்பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. உடனே பெரிய கல்லூரிகள் கணினி அறிவியல் இடங்களைக் கூட்டின, சிவிலும் மெக்கானிக்கலும் பல இடங்களில் சுருங்கின, சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கு வரவேண்டிய மாணவர்கள் நகரத்துக்குப் போனார்கள்.

கலை அறிவியல் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மௌனமாக மோசமாகியிருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உங்கள் ஊரில் அரசு உதவி பெறும் கல்லூரி இருந்தால் போய்ப் பாருங்கள். காலையில் அரசு சம்பளம் தரும் எயிடட் பிரிவு, மதியம் மாணவர் கட்டணத்தில் ஓடும் சுயநிதிப் பிரிவு. அதே கட்டடம், அதே பாடம், அதே பல்கலைக்கழகத் தேர்வு. காலையில் வருகிற ஆசிரியருக்கு யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழு நிர்ணயித்த ஊதியம், ஓய்வுபெறும் வரை பாதுகாப்பு. மதியம் வருகிறவருக்கு அதே பட்டமும் கல்லூரி ஆசிரியருக்கான அதே நெட் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் இருக்கும், சம்பளம் அதில் சிறு பங்குதான், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பது நிர்வாகத்தின் கையில். மாணவர் கட்டும் கட்டணமும் அதேபோல இரண்டு விதம். இது எப்படி வந்தது? புதிய பாடப்பிரிவு தொடங்கலாம், ஆனால் புதிய ஆசிரியர் பணியிடத்துக்கு அரசு பணம் தராது என்று பல வருடங்களாக வழக்கமாகிப்போனதால் வந்தது. யாரும் சட்டமன்றத்தில் எழுந்து, இனிமேல் ஆசிரியர்களை இரண்டு சாதியாகப் பிரிப்போம் என்று அறிவிக்கவில்லை. ஒப்புதல் கேட்ட கோப்புகள் ஒவ்வொன்றாகக் கிடப்பில் கிடந்தே இது நடந்து முடிந்துவிட்டது.

அரசுக் கல்லூரிகளில் இதற்கு இன்னொரு பெயர், கௌரவ விரிவுரையாளர். 2024 நிலவரப்படி ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அப்போது மாதம் 25,000 ரூபாய், கோடை விடுமுறை மாதத்துக்கு அதுவும் கிடையாது. 2019-லேயே யுஜிசி, கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கி, பத்துப் பதினைந்து வருடம் அதே துறையில் பாடம் நடத்தி, நாற்பது வயதைத் தாண்டியும் கௌரவ விரிவுரையாளராகவே இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் நிரந்தர ஆசிரியர்களைவிட நன்றாக நடத்துவார்கள். ஆனால் அவர்கள் ஆராய்ச்சி மாணவர்களை எடுக்க முடியாது, ஆய்வுத் திட்டத்துக்குத் தலைமை தாங்க முடியாது, துறைக்கு ஒரு பத்தாண்டுத் திட்டம் போட முடியாது. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு கொடுத்தது, ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் புதிய அரசுக் கல்லூரிகள் திறந்துகொண்டேதான் இருந்தோம். ஒரு புதிய கல்லூரி என்றால் ரிப்பன் வெட்டும் படம் மறுநாள் பத்திரிகையில் வரும். ஒரு பழைய கல்லூரியில் காலியாக இருந்த இயற்பியல் பணியிடம் நிரப்பப்பட்டது என்பது யாருக்கும் செய்தியில்லை.

அடுத்து பணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். 1857-இல் தொடங்கியது, தென்னிந்தியாவின் பல பல்கலைக்கழகங்களுக்குத் தாய். 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது, 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எதற்கு வருமான வரி? பெரும்பகுதி அரசு நிதியில் நடக்கிற கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. அரசு தந்த மானியம் மொத்தச் செலவில் பாதிக்கும் கீழே போய்விட்டதால், இது இப்போது அரசு நிதியில் நடக்கும் நிறுவனமே இல்லை என்று துறை வாதிட்டது. நன்றாக யோசித்துப் பாருங்கள், மாநில அரசு மானியத்தைக் குறைக்கிறது, அந்தக் காரணத்தையே காட்டி மத்திய அரசின் துறை வரி கேட்கிறது, நடுவில் மாட்டியது ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் பழைய ஊழியர்.

மானியம் ஏன் குறைந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அரசு ஒப்புதல் இல்லாத பணியிடம் என்று தணிக்கையில் ஆட்சேபம் வந்தால் அந்தச் சம்பளம் மானியக் கணக்கில் சேராது, பல்கலைக்கழகம் தன் கையிருப்பிலிருந்து கொடுக்கவேண்டும். ஓய்வூதியச் சுமையும் பெருமளவு பல்கலைக்கழகத்தின் தலையில்தான். 2003 ஏப்ரலுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம், அந்தத் தலைமுறை இப்போதுதான் ஓய்வுபெறுகிறது. ஊதியக் குழுவும் சேர்ந்துகொண்டது. ஆறாவது ஊதியக் குழுவின் போது கூடுதல் செலவில் 80 சதவீதத்தை முதல் சில வருடங்களுக்கு மத்திய அரசு ஏற்றது, ஏழாவதில் அதை 50 ஆக்கியது. மிச்சம் மாநிலத்துக்கு, மாநிலத்தின் கை இறுகினால் பல்கலைக்கழகத்துக்கு.

இந்த ஓட்டையை இத்தனை காலம் அடைத்தது தொலைநிலைக் கல்வி. அண்ணாமலை, மதுரை காமராசர், அழகப்பா, சென்னை எல்லாமே அஞ்சல்வழிப் படிப்பில் நாடு முழுக்க மாணவர் சேர்த்துப் பணம் பார்த்தன, அந்தப் பணத்தில் ஆய்வுக்கூடமும் சம்பளமும் ஓடின. பிறகு யுஜிசி, உன் எல்லைக்கு வெளியே மையம் வைக்காதே என்றது, தர மதிப்பீட்டில் இத்தனை புள்ளி இருந்தால்தான் தொலைநிலைக் கல்வி நடத்தலாம் என்றது. அந்த விதிகளில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அஞ்சல்வழிப் பட்டத்தைப் பல இடங்களில் கடையில் விற்கிற மாதிரிதான் நடத்தினார்கள். ஆனால் அந்த வருமானம் நிற்கும்போது அதற்குப் பதில் எங்கிருந்து வரும் என்று மாநிலமும் கேட்கவில்லை, யுஜிசியும் கேட்கவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்கில் சம்பளமும் ஓய்வூதியமும் தடைப்பட்டதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி நடந்தது. தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆட்களை எடுத்து, நிதி நெருக்கடியில் விழுந்து, 2013-இல் அரசே சட்டம் இயற்றி எடுத்துக்கொள்ளவேண்டி வந்தது. மிகுதியான ஆசிரியர்களை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றல், வருடக்கணக்கில் புதிய நியமனத்தைத் தாமதப்படுத்த வசதியான ஒரு காரணமாகவும் ஆனது. வெளியே காத்திருந்த இளம் முனைவர்களுக்குத்தான் அதன் விலை.

தலைமையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 வருடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அவ்வளவு காலம் ஒருவரே இருப்பது சரியென்று நான் சொல்லவில்லை. அதே நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியான பிறகு வருடக்கணக்கில் காலியாகவே கிடந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து இதே கதை. துணைவேந்தர் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி வேண்டும் என்று வேந்தரான ஆளுநர், வேண்டாம் என்று அரசு. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களை 2022-இல் சட்டமன்றம் நிறைவேற்றியது, ஆளுநர் நிறுத்திவைத்தார், 2025 ஏப்ரல் 8 அன்று உச்சநீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளவேண்டும் என்றது, மே மாதமே சென்னை உயர்நீதிமன்றம் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்குத் தடை விதித்தது. இதில் என் நிலைப்பாடு தெளிவானது: மாநில மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குத்தான் பொறுப்பு இருக்கவேண்டும். ஆனால் அந்தப் பொறுப்பை அரசு முன்பு எப்படிக் கையாண்டது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். துணைவேந்தர் பதவிக்குக் கோடிகளில் விலை என்ற பேச்சு பல வருடங்களாக ஊரறிந்தது, 2018-இல் பதவியில் இருந்த துணைவேந்தர் ஒருவரையே லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அதிகாரம் யாருக்கு என்கிற சண்டையில் வெல்வதோடு, தேடுதல் குழுவின் பரிசீலனையை ஊரறியச் செய்யும் விதியையும் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் பயன்.

துணைவேந்தர் இல்லாவிட்டால் என்ன, உயர்கல்விச் செயலர் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழு நடத்துகிறதே என்பார்கள். அன்றாடக் கோப்பு நகரும், உண்மைதான். பட்டச் சான்றிதழிலும் குழுவின் சார்பில் யாராவது கையெழுத்துப் போடுவார்கள். புதிய ஆசிரியரை எடுப்பது, புதிய துறை தொடங்குவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம், பெரிய ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் போன்ற எதையும் தற்காலிகக் குழு துணிந்து செய்யாது. தலைமைச் செயலகத்தில் இன்னும் பத்துப் பொறுப்பு உள்ள ஓர் அதிகாரியிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆராய்ச்சி பற்றிச் சுருக்கமாக. 2010-இல் யுஜிசி, ஆசிரியரின் பதவி உயர்வைக் கட்டுரை எண்ணிக்கைப் புள்ளிகளோடு கட்டிவைத்தது. உடனே பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் நாடெங்கும் முளைத்தன. 2017-இல் யுஜிசியே ஒரு அங்கீகாரப் பட்டியல் போட்டது, அதிலேயே போலிகள் நுழைந்து, 2018-இல் 4,305 இதழ்களை நீக்கவேண்டி வந்தது. எண்ணினால் புள்ளி என்றால் எண்ணிக்கைதான் வரும். ஐந்து வருடம் ஒரு கல்வெட்டுத் தொகுப்பைப் படித்து ஒரே ஒரு நல்ல கட்டுரை எழுதிய தமிழ்த்துறை ஆசிரியர் பின்னால் நின்றார், வருடத்துக்கு பத்துக் கட்டுரைக்குப் பணம் கட்டியவர் பேராசிரியர் ஆனார். அந்தப் பத்தாண்டு ஆய்வுப் பண்பாட்டைக் கெடுத்ததுபோல வேறெதுவும் கெடுத்ததாக நான் பார்க்கவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் ஆசிரியர் நியமனம். வேறு எந்தத் திட்டமும் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு வருடமும் ஓய்வுபெறுகிறவர்களின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரியும், அதற்கேற்ப வருடந்தோறும் தேர்வு நடத்த ஒரு நிரந்தர நாட்காட்டி போட்டால் போதும், பத்து வருடத்துக்கு ஒருமுறை நாலாயிரம் என்று அறிவித்து வழக்கில் மாட்டவேண்டாம். கௌரவ விரிவுரையாளர்களின் அனுபவத்துக்கு அதில் உரிய மதிப்பெண் தரவேண்டும். ஓய்வூதியத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலிருந்து எடுத்து அரசே ஏற்கவேண்டும், ஏனென்றால் எந்தப் பல்கலைக்கழகமும் மாணவர் கட்டணத்திலிருந்து ஓய்வூதியம் கொடுத்து உருப்பட்டதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து இணைப்பு வேலையைப் பிரித்து எடுக்கவேண்டும். இவை எதற்கும் மத்திய அரசின் அனுமதி தேவையில்லை, மாநிலமே செய்யலாம்.

கடைசியாக உங்கள் தங்கை. மாநிலப் பல்கலைக்கழகம் என்பதற்காகத் தயங்காதீர்கள், கட்டணம் குறைவு, இந்த ஊதியத்திலும் இந்தக் குழப்பத்திலும் நன்றாக உழைக்கிற துறைகள் ஒவ்வொரு வளாகத்திலும் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரையோ மொத்தத் தரவரிசையையோ வைத்து முடிவெடுக்காமல் அந்த ஒரு துறையை மட்டும் விசாரியுங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் இரண்டு வருடத்துக்குள் ஓய்வுபெறப் போகிறவர்கள் எத்தனை பேர், இப்போது ஓடிக்கொண்டிருக்கிற ஆய்வுத் திட்டம் ஏதாவது இருக்கிறதா, ஆய்வுக்கூடத்தில் கருவிகள் வேலை செய்கின்றனவா, போன வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள். இணையதளத்தில் இருக்கிற ஆசிரியர் பட்டியலை நம்பவேண்டாம், ஓய்வுபெற்றவர்கள் பெயர்கூட அதில் கிடக்கும். வேலைநாள் ஒன்றில் தங்கையையே நேரில் அனுப்பி, இரண்டாம் வருட மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். ஐந்து நிரந்தர ஆசிரியராவது உள்ள துறை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள், மற்றதெல்லாம் கௌரவ விரிவுரையாளர்கள் என்றால், அதே பாடத்துக்குப் பழைய அரசுக் கல்லூரி ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், சில ஊர்களில் பல்கலைக்கழகத் துறையைவிட அந்தக் கல்லூரித் துறையில் ஆட்கள் அதிகம் இருப்பார்கள்.